தன்மையும் முன்னிலையும்: இரமணர் பாடல்களிற் கூற்றும் கேட்போரும்

தோற்றுவாய்

திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் தைத் திங்கள் இரண்டாம் நாள் திருவூடல் விழா நிகழ்கின்றது. அண்ணாமலையாரோடு ஊடிய உண்ணாமுலையம்மை, திருவூடல் தெருவில் அவரைப் பிரிந்து தனியே கோயிலுக்குத் திரும்புகின்றாள். சுந்தரர் இடைநின்று தூது செல்கின்றார். இறைவன் தனியனாய் மலைவலம் சென்று மறுநாள் மீள்கின்றான். அதன் பின்னரே ஊடல் தணிகின்றது. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எல்லையில்லாச் சோதியாய் நிற்பவன் எவனோ, அவனே இங்கு ஊடல் தீர்க்க வகையறியாத கணவனாய்த் தெருவில் நிற்கின்றான். இவ்விரண்டனுள் ஒன்றை மெய்யென்றும் மற்றொன்றை நடிப்பென்றும் ஊரார் பிரித்துக் காண்பதில்லை. அம்மையை நோக்கியவழிக் கணவன். அடியாரை நோக்கியவழிச் சோதி. அவ்வளவே அவர் கொள்கை.

மக்களைப் பற்றி ஆராயும்போது நாம் இவ்வாறு அமைதி கொள்வதில்லை. ஒருவர் தாயிடம் ஒருவாறும், உடன்பிறந்தாரிடம் ஒருவாறும், மாணாக்கரிடம் ஒருவாறும் தம்மைக் காட்டுவாராயின், ‘இவற்றுள் அவர்தம் உண்மை முகம் யாது?’ என வினவத் தொடங்குகின்றோம். புலவர் ஒருவரின் நூல்களை ஆராயும்போதும் இவ்வினாவே முன்வந்து நிற்கின்றது. இவ்வினா பொருத்தமானதுதானா என்பதை, அதே மலையடியில் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த இரமணரின் தமிழ்ப் பாடல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘நான் யார்?’ என்னும் வினாவையே தம் நெறியாகக் கொண்ட ஒருவர், தம் பாடல்களில் எத்துணை ‘நான்’களாய்ப் பேசியுள்ளார் என்பது தமிழாராய்ச்சியாளர் கருதத்தக்கதொன்று.

இருவகைக் கருத்து

இரமணரின் பாடல்களைப் பயில்வோர்க்கு ஒரு முரண் எளிதிற் புலனாகும். உள்ளது நாற்பது என்னும் நூலில் அன்பரும் இல்லை, அழுகையும் இல்லை. உள்பொருள் ஒன்றே என்னும் துணிவு வெண்பா யாப்பில் இறுகி நிற்கின்றது. அருணாசல அட்சரமணமாலையிலோ மணந்தவன் கைவிட்டனன் எனப் புலம்பும் பெண்ணின் குரல் கேட்கின்றது. ஓரிடத்துப் பிறிதொரு பொருள் இல்லை என்பவர், மற்றோரிடத்து ‘நீ’ என விளித்து வாதாடுகின்றார்.

இம்முரணைத் தீர்க்க இருவகை விளக்கம் கூறப்படுவதுண்டு. இளமையில் பத்தி மேலோங்கியது, பின்னர் அது ஞானமாய்க் கனிந்தது என்பது ஒன்று. இரமணர் என்றும் ஞானியே, பத்திப் பாடல்கள் எளியோர் பொருட்டு இரங்கிப் பாடியவை என்பது மற்றொன்று.

முதற்கருத்தைக் கால வரிசையே மறுக்கின்றது. சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு இரமணர் எழுதிக்காட்டிய விடைகள் 1901–1902 அளவில் தோன்றியவை. பின்னர் ‘நான் யார்?’ என்னும் நூலாய் அமைந்தவை. அவற்றில் ஞானநெறி முழுவதும் உளது. மணமாலையோ 1914-ஐ ஒட்டி விரூபாட்சக் குகையிற் பிறந்தது. கனி முன்னும் பூப் பின்னுமாக வரும் வளர்ச்சியை வளர்ச்சி என்றல் பொருந்தாது. இரண்டாம் கருத்தை மறுக்க 1914-இல் தாயின் நோய் தீர வேண்டிப் பாடிய நான்கு பாடல்கள் போதும். அப்பாடல்கள் எந்த எளியோர்க்கும் அறிவுறுத்த எழுந்தவையல்ல. நோயுற்ற தாயின் பக்கத்திலிருந்த மகன் மலையை நோக்கி முறையிட்டவை. ஆதலின் இவ்விரு கருத்தும் ஓர் உண்மை முகத்தைத் தேர்ந்துகொண்டு ஏனையவற்றை அதற்குக் கீழ்ப்படுத்தும் முயற்சிகளேயாம்.

தொல்காப்பியர் காட்டும் நெறி

இம்முரணை ஆராய்தற்குரிய கருவி தமிழ் இலக்கணத்திலேயே உண்டு. செய்யுளியலில் தொல்காப்பியர் செய்யுள் உறுப்புக்களாக முப்பத்துநான்கனை எண்ணுகின்றார். அவற்றுட் கூற்று ஒன்று, கேட்போர் மற்றொன்று. பேசுவாரை மட்டும் கூறி அமையாது கேட்பாரையும் செய்யுளின் உறுப்பாகக் கொண்டமை கருதத்தக்கது. கேட்போர் மாறின் செய்யுளின் ஓர் உறுப்பே மாறிவிடுகின்றது. இவற்றொடு முன்னம் என்பதும் ஓர் உறுப்பாம். இவ்விடத்தில் இச்சொல் இன்னார் இன்னார்க்குக் கூறுதற்குரியது என்பதை அச்சொல்லே உணர்த்தி நிற்றல் முன்னம் எனப்படும்.

அகப்பாடல் தலைவியை நோக்குக. தோழியிடம் அவள் கூறுவதைச் செவிலியிடம் கூறாள். செவிலிமுன் நிற்கும் நிலையில் தலைவன்முன் நில்லாள். களவு வெளிப்படும் அறத்தொடு நிற்றலில், தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் முறையே உண்மையை உணர்த்துவர். உண்மை ஒன்றே, அது செல்லும் உறவுதோறும் சொல் வேறு, அளவு வேறு, குறிப்பு வேறு. இவருள் எவரையும் பொய் கூறினார் என உரையாசிரியர் பழித்திலர். எந்தக் கூற்றினுள் தலைவியின் உண்மை முகம் உளது என்றும் வினவிலர். அவர் வினவியது ‘இது யார் யார்க்குக் கூறியது?’ என்பதே. இவ்வினாவையே இரமணர் பாடல்களிடத்தும் வினவிப் பார்ப்போம்.

இரண்டு எழுத்துக்கள்

பாடல்களுக்கு முன்னர் உரைநடையில் அமைந்த இரண்டு எழுத்துக்களைக் காணுதல் வேண்டும். வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர் 1896 ஆகஸ்டு 29-ஆம் நாள் மதுரை வீட்டைத் துறந்து புறப்பட்டபோது எழுதிவைத்த கடிதம் ஒன்று. அதன் தொடக்கத்தில் எழுதுவோர் தம்மை ‘நான்’ எனக் குறிக்கின்றார். சில சொற்கள் கடந்ததும் ‘இது’ என அஃறிணையாற் குறிக்கின்றார். முடிவிற் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் பெயரின்றி ஒரு கோடு மட்டும் உளது. தன்மை படர்க்கையாகிப் பின் பெயரும் இழந்தது எனப் பலர் இதனை வியந்துள்ளனர். வியத்தற்குரியதே. ஆயின் அதே கடிதத்தின் இறுதியில் தமையனாரின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்னும் செய்தியும், எஞ்சிய இரண்டு ரூபாய் உடன் வைக்கப்பட்டுள்ளது என்னும் கணக்கும் உள்ளன. சம்பளத்திற்கெனக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயே வழிச்செலவிற்கு எடுக்கப்பட்டது. ‘நான்’ நீங்கியது, தம்பி நீங்கவில்லை. கேட்போர் தமையனார் என்பதைக் கடிதம் மறக்கவில்லை. முன்னம் என்னும் உறுப்பு இங்குக் குறைவின்றி நிற்கின்றது.

மற்றொன்று 1898 டிசம்பரில் எழுதியது. மகனைத் தேடிவந்த அழகம்மையார் பவழக்குன்றில் அவரைக் கண்டு, நாள்தோறும் சென்று, வீடு திரும்புமாறு அழுது வேண்டினார். மகன் வாய்திறக்கவில்லை. அருகிருந்தோர் தாளும் எழுதுகோலும் கொடுத்து விடையேனும் எழுதுமாறு வேண்ட, அவர் சில தொடர்கள் எழுதினார். அவரவர் வினைக்கேற்ப இறைவன் ஆட்டுவிக்கின்றான், நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது, ஆதலின் மௌனமே நன்று என்பது அதன் கருத்து. அதில் ‘நான்’ இல்லை. ‘அம்மா’ என்னும் விளியும் இல்லை.

இதனை இரமணரின் தொடக்ககால அறிவுரைகளுள் தலைசிறந்ததாகப் போற்றுவர். அறிவுரை என்ற அளவில் அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் கூற்று என்ற அளவில் நோக்கின், அது தாய்க்கு உரைத்த மறுமொழியாகத் தோன்றவில்லை. யார் யார்க்கும் கூறத்தக்க பொதுவுண்மை அது. எவர்க்கும் உரியதாயினமையால் எதிரில் அழுதுநின்ற ஒருவர்க்குச் சிறப்பாக உரியதாகாது போயிற்று. தமையனார்க்கு எழுதிய கடிதத்தில் இருந்த முன்னம் தாய்க்கு எழுதியதில் இல்லை. இதனை ஒரு குறையென்றே நாம் கருதுகின்றோம். பின்வந்த பாடல்கள் இக்குறையை நிறைவு செய்தன என்பதே நம் துணிபு.

மணமாலையின் மூவகைக் கேட்போர்

விரூபாட்சக் குகையில் உடனிருந்த சாதுக்கள் ஊருக்குட் சென்று ஐயம் ஏற்கும்போது பாடுதற்கென ஒரு பாட்டை வேண்டினர். அவ்வேண்டுகோளின் வழிப் பிறந்ததே நூற்றெட்டுக் கண்ணிகளை அகரவரிசையிற் கொண்ட அட்சரமணமாலை. இவ்வரலாற்றை அறிந்தோர் பலர். அதனாற் கூற்றில் விளையும் சிக்கலைக் கருதினோர் சிலரே.

பாட்டினுட் பேசுவது பெண். கேட்போன் அருணாசலன். அவன் தன் வீட்டினுட் புகுந்து தன்னை வெளியே ஈர்த்துத் தன் அகக்குகையிற் சிறைவைத்தான் என்கின்றாள். இனிக் கைவிடின் உலகம் அவனையே பழிக்கும் என்கின்றாள். தன்னை அணையாதிருத்தல் ஆண்மையோ என இடித்துரைக்கின்றாள். ஐம்புலக் கள்வர் உட்புகுந்தபோது அவன் உள்ளே இல்லையோ எனக் கேட்கின்றாள். இஃது உள்ளுறையும் முதற்கேட்போன் நிலை. பாடுவோர் ஐயக்கலம் ஏந்திய ஆடவராகிய துறவியர். அவர் தம் வாயால் இப்பெண்ணின் சொற்களைத் தமக்கே கூறிக்கொள்கின்றனர். ஆதலின் அவர் இரண்டாம் கேட்போர். மூன்றாம் கேட்போர் தெருவில் வாயிற்படியில் நின்று அரிசியும் சோறும் இடும் இல்லத்து மகளிர்.

இம்மூன்றாம் கேட்போரை உளங்கொண்டு படிக்கும்போதுதான் பாட்டின் ஆழம் புலனாகின்றது. வீட்டை விட்டு ஒருத்தியை ஈர்த்துச் சென்றவன் மேல் எழும் குற்றச்சாட்டு ஒரு வீட்டின் வாயிலிலேயே பாடப்படுகின்றது. அகம் என்னும் சொல் இல்லத்தையும் உள்ளத்தையும் ‘நான்’ என்பதையும் ஒருங்கே குறிக்கும். அச்சொல்லை இல்லாள் வீடெனக் கொள்வாள். துறவி தன் நெஞ்செனக் கொள்வான். உட்பொருள் தேர்வான் தான் என்னும் எண்ணமெனக் கொள்வான். ஒருவர் கொண்ட பொருள் மற்றவர் கொண்ட பொருளைப் பொய்யாக்குவதில்லை. எளியோர்க்கு இரங்கிப் பாடியது என்னும் விளக்கம் இங்கு நில்லாமை காண்க. இரங்கிப் பாடியதாயின் ஒருவகைக் கேட்போர்க்கு மட்டும் பொருளும் ஏனையோர்க்குத் தோலும் எஞ்சியிருத்தல் வேண்டும். இங்கோ மூவர்க்கும் முழுப்பொருள் உண்டு.

மணமாலை என்னும் பெயரே மணம் கமழும் மாலையென்றும் மணவினைக்குரிய மாலையென்றும் இருபொருள் படும். ஆயின் பேசும் பெண் ஓரிடத்தில் மகவாகவும் நிற்கின்றாள். பெற்ற தாயினும் பேரருள் செய்தோன் என அவனைப் போற்றுகின்றாள். இரண்டாம் கண்ணியில் அழகு, சுந்தரம் என்னும் இருசொற்கள் ஒருபொருளாய் இயைந்தமை உவமையாகின்றது. தாயார் அழகம்மை, தந்தையார் சுந்தரமையர் என்பதை அறிந்தார்க்கு அது வெறும் சொல்லுவமையன்று. மணமகனுக்குப் பெண் தன் பெற்றோர் பெயரைக் கூறும் மரபும் இதனுள் அடங்கியுளது. நவமணிமாலையில் திருச்சுழியில் இன்னார்க்குப் பிறந்தேன் என்பதை வெளிப்படையாகவே கூறுகின்றார். தமையனார்க்கு எழுதிய கடிதத்திற் பெயரை ஒழித்தவர், மலைக்குப் பிறப்பும் குடியும் கூறித் தம்மை அறிவித்துக்கொள்கின்றார். அங்குக் கூறாமை தக்கது. இங்குக் கூறுதல் தக்கது.

தாய்க்கெனப் பாடியவை

1914-இல் மகனைக் காணவந்த அழகம்மையார் கடுங்காய்ச்சலுற்றார். அப்போது பாடிய நான்கு பாடல்களும் தாய்க்கு நேரே கூறியனவல்ல, மலைக்குக் கூறியன. பிறவிநோய் தீர்க்கும் மலை தாயின் காய்ச்சலையும் தீர்த்தல் வேண்டும் என்கின்றார். காலனை வென்றோன் தாயைக் காலனிடமிருந்து காத்தல் வேண்டும் என்று கூறிய மூச்சிலேயே, ஆராயின் சாவாவது யாது என்றும் வினவுகின்றார். ஞானத்தீ தாயை விழுங்கித் தன்மயமாக்குமாயின் பின்னர்ச் சுடுதீ எதற்கு என்கின்றார். மயக்கம் தீர்த்தற்குக் காலந்தாழ்த்தல் ஏன் எனக் கேட்டு, அடைந்தாரைத் தாய்போற் காப்பார் வேறு யாருளர் என முடிக்கின்றார்.

நடவாதது முயன்றாலும் நடவாது என 1898-இல் எழுதியவரே 1914-இல் இவ்வாறு வேண்டியமை முரணன்றோ எனின், கொள்கையளவில் முரணே, கூற்றளவில் அன்று. முன்னைய எழுத்து, மகன் என்னும் முகத்தை மறைத்து ஞானி என்னும் முகத்தை மட்டும் காட்டியது. பின்னைய பாடல்களில் இருமுகமும் ஒரே செய்யுளிற் கலந்து நிற்கின்றன. காப்பாற்று என்பது மகன் குரல். சாவாவது யாது என்பது ஞானி குரல். ஒன்று மற்றொன்றை அடக்கவில்லை.

1916 முதல் அழகம்மையார் மகனோடு மலையிலேயே தங்கினார். கந்தாசிரமத்தில் சமையலும் செய்தார். ஒருநாள் அவர் அப்பளம் இடுதற்குத் துணைவேண்ட, மகன் கைத்துணை தாராது ஒரு பாட்டைத் தந்தார். அதுவே அப்பளப்பாட்டு. தான் என்னும் எண்ணமே உளுந்து. ‘நானார்’ என்னும் ஆராய்ச்சியே திருகை. நல்லோர் இணக்கமே பிரண்டைச் சாறு. மனவடக்கமும் புலனடக்கமும் சீரகமும் மிளகும். இவற்றொடு உப்பும் பெருங்காயமும் தத்தம் பொருளோடு சேர்கின்றன. பவழக்குன்றிற் கூறிய பொதுவுண்மைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. இங்குக் கேட்போர் இன்னார் என்பதை ஒவ்வொரு பொருளும் உணர்த்துகின்றது. உளுந்து அரைக்கும் கைக்குத் தெரிந்த சொற்களாலேயே ஞானம் கூறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் தாழ்த்தேனும் தாய்க்குரிய மறுமொழி தாயின் மொழியிற் கிடைத்தது என்று கூறலாம். 1922 மே 19-இல் தாயார் மறைந்தபின் அவர்தம் சமாதியைச் சூழவே இரமணாசிரமம் வளர்ந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தன்மை கெட்டவிடத்துத் தன்மை

இரமணர் பிறர் கூற்றாகவும் பாடியுள்ளார். 1927-இல் முருகனார் வேண்டப் பாடிய உபதேச உந்தியாரில் பேசுவோன் சிவன். கேட்போர் வேள்விச் செருக்கு மிக்க தாருகவன முனிவர். ஆதலின் அந்நூல் அவர் அறிந்த வினைநெறியிற் றொடங்கிப் பத்தி, யோகம் வழியாக ஞானத்திற்குச் செல்கின்றது. மற்றொரு பாட்டில் வயிறே பேசுகின்றது. ஔவையார் பெயரால் வழங்கும் பழம்பாட்டில் உயிர் வயிற்றைப் பழிக்கின்றது. இரமணரோ, பெருவிருந்து உண்டு வருந்திய ஒரு நாளில், வயிறு உயிரைப் பழிப்பதாக அதனைத் திருப்பிப் பாடினார். நகைச்சுவைப் பாட்டேயாயினும் அது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. எந்த உறவிற்கும் இருமுனை உண்டு. கேட்போனாய் வாளா இருந்ததையும் பேசுவோனாக்கிப் பார்க்க அவர் அறிந்திருந்தார்.

இவையனைத்தையும் விளக்கும் திறவுகோல் 1928-இல் எழுந்த உள்ளது நாற்பதின் பதினான்காம் பாட்டில் உளது. தன்மை உண்டாயின் முன்னிலையும் படர்க்கையும் உளவாம்; தன்மையின் உண்மையை ஆராய்ந்து தன்மை அறின், மூன்றும் ஒன்றாய் ஒளிரும் நிலையே தன் இயல்பாகிய தன்மை என்பது அதன் கருத்து. தன்மை என்னும் இலக்கணச் சொல் முதலில் ‘நான்’ என்னும் இடத்தையும் பின்னர் இயல்பையும் குறித்தல் காண்க. பிறமொழியிற் பெயர்த்தால் இச்சொல்லழகு நில்லாது. மூவிடங்களும் ‘நான்’ என ஒருவன் தன்னை நிறுத்திக்கொள்வதனால் வருவன. அதனை நிலையாக நிறுத்தாதவன், முன்னிலையில் யார் நிற்கின்றாரோ அவர்க்கேற்ற தன்மையைத் தடையின்றி ஏற்கலாம். தனக்கென ஒரு முகத்தைக் காத்துக்கொள்வானுக்கே பிற முகங்கள் பொய்முகமாகின்றன.

தடையும் விடையும்

கூற்றும் கேட்போரும் புனைந்துரை மாந்தர்க்கே உரியன, அவற்றை வாழ்ந்த ஒருவரின் எழுத்துக்குப் பொருத்துதல் தகுமோ எனின், நாம் அவர்தம் உள்ளத்தை ஆராயவில்லை, எழுத்தை ஆராய்கின்றோம். எழுதப்பெற்ற எதற்கும் கேட்போர் உளர். இனி, உறவுதோறும் முகம் வேறாகலாம் எனின் எம்முகமும் குற்றமற்றதாகிவிடாதோ என்பது வலிமையுள்ள தடை. அதற்கு விடையாகவே பவழக்குன்று எழுத்தைக் குறைகூறினோம். முகங்கள் பலவாதல் குற்றமன்று. எதிர்நிற்பார்க்கு உரிய முகத்தைத் தாராமையே குற்றம். வேறுபாட்டைப் பழியாத நெறி, பொருந்தாமையைப் பழிக்கத் தவறுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இரமணர் பாடல்களைப் பத்தி, ஞானம் என இருகூறாக்கி ஒன்றை மெய்யென்றும் மற்றொன்றை இரக்கமென்றும் கொள்ளுதல் தமிழ் மரபிற்கு ஒவ்வாதென்பது போதரும். ஒவ்வொரு பாட்டிற்கும் யார் யார்க்குக் கூறியது என்னும் குறிப்பை முதற்கண் வரைந்துகொண்டு பயிலுதலே தக்கது. அகநூல்களுக்குத் துறைக்குறிப்பு எழுதிய முன்னோர் நமக்குக் காட்டிச்சென்ற வழி அதுவே. திருவெம்பாவையில் மகளிருள் ஒருத்தியாய்த் தோழியரை எழுப்பும் மணிவாசகர், நீத்தல் விண்ணப்பத்தில் தனியராய் நின்று கைவிடாதே என இறைவனை வேண்டுகின்றார். அருணகிரியார் திருப்புகழிலும் கந்தரனுபூதியிலும் வேறு வேறு குரலிற் பேசுகின்றார். இவர்களையும் இந்நெறியால் ஆராய்ந்து காண்டல் இளம் ஆராய்ச்சியாளர் கடனாகும். அவ்வாராய்ச்சியில் இப்புலவர்க்கும் பவழக்குன்று எழுத்தையொத்த, கேட்போர்க்குப் பொருந்தாத கூற்று உளதாயின், அதனையும் மறையாது எடுத்துக்காட்டுதல் வேண்டும்.